சராசரியில் கரைந்துபோகும் வாடை

ஆலை வந்தால் காற்றும் நீரும் ஊரும் என்ன ஆகும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை ஆலைகளுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். எனக்குக் கூலி தருபவர் ஆலைக்காரர். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒருமுறை கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஈச்சங்காட்டில் ஒரு வீட்டு மாடியில் காற்று மாதிரிக் கருவி வைத்திருந்தோம். மார்ச் முதல் மே வரை, வாரத்துக்கு இரண்டு நாள். வீட்டுக்கார அம்மா ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார். "இரவு 2.10. அழுகின வேப்பம்பழ வாடை. பேரனுக்கு இருமல். 2.45-க்கு நின்றது." பக்கம் பக்கமாக இப்படியே.

அந்த இரவு என் கருவியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வந்த எண் வரம்புக்குள். பொய்யில்லை. ஆனால் அது 24 மணி நேரச் சராசரி. 35 நிமிட வாடையை ஒரு நாள் முழுவதற்கும் பரப்பினால் என்ன மிஞ்சும்? போதாக்குறைக்கு, தூசு பிடிக்கும் வடிதாளில் அந்த வாயு தங்கவே தங்காது.

"ஐப்பசி, கார்த்திகையில் வந்து வையுங்களேன் தம்பி" என்றார். உப்பனாறு பொங்கி ஊருக்குள் வருவது அப்போதுதான். விதியோ, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத் தரவு போதும் என்கிறது. எங்கள் அறிக்கைகளில் கடலூரில் மழையே பெய்வதில்லை.

நோட்டை இணைப்பாகச் சேர்க்கப் பார்த்தேன். ஆய்வகத் தரவு இல்லை என்று எடுத்துவிட்டார்கள். இதே சிப்காட் ஊர்க்காரர்கள் 2004-லேயே வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியவர்கள்!

நான் சேர்க்க முடியாததை, ஆலைக்குப் பக்கத்தில் வாழும் நீங்கள் சேர்க்கலாம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஆலைக்கு அனுமதி தருமுன் ஊர்மக்களைக் கேட்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். (ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்குக் கூட்டமே வேண்டாம் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. ஏற்கெனவே புகையில் இருப்பவனைக் கேட்க வேண்டியதில்லை என்பது என்ன நியாயமோ!) கூட்டம் நடந்தால், அந்த அம்மாவைப் போல நீங்கள் எழுதி வைத்த வாடைக் குறிப்பின் நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டத்தில் அதைப் பேசவும் பேசுங்கள். எழுப்பிய பிரச்சினைகளும் நிறுவனத்தின் பதிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நடவடிக்கைக் குறிப்போடு இணைக்கப்பட்டாக வேண்டும்.

கூட்ட முடிவில் அந்த நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டவும் வேண்டும். நான் பார்த்த கூட்டங்களில், அதற்குள் பந்தலில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எழுந்து போய்விடாதீர்கள்.