மாந்திரீகம் அல்ல, விஞ்சை

நாகர்கோவிலில் எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கை மகன், தமிழில் குரல் மாற்றிய ஒரு கற்பனைத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்: "மாமா, இவங்க நல்ல ஆளுவதானே, பின்ன எதுக்கு மாந்திரீகம் செய்யுதாவ?"

கதையில் காட்டில் வாழும் ஓர் இனம் பாடியே காயத்தை ஆற்றுகிறது. மனிதர்கள் கருவிகொண்டு அதே காயத்தைத் தைக்கிறார்கள். எது உயர்ந்தது என்று நெடுநேரம் வாதாடியவர்கள், இருவரும் தொழுவது ஒரே கடவுளைத்தான் என்று கடைசியில் கண்டுகொள்கிறார்கள். அந்த இனத்தின் மேஜிக்தான் தமிழில் மாந்திரீகம் ஆகிவிட்டது: "உங்கள் தொழில்நுட்பம் எங்கள் மாந்திரீகத்தைப் போலத்தான்" என்று வசனம். இந்தத் தவறைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

மேஜிக் என்பதன் வேர் பழம்பாரசீகப் பூசாரிகளைக் குறித்த மகுஷ் என்ற சொல். கிரேக்கம் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. கிறிஸ்துமஸ் குடிலில் நாம் வைக்கும் மூன்று ஞானிகளுக்கும், விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வரும் மாயவித்தைக்காரன் சீமோனுக்கும் கிரேக்க மூலத்தில் இந்த ஒரே வேர்தான். விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் ஆளைப் பார்த்துச் சொல்லைப் போட்டார்கள். இன்றைக்கு அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை.

மாந்திரீகம் என்றால் நம் மாவட்டத்தில் என்ன நினைப்பு வரும்? தகடு, முட்டை, எலுமிச்சம்பழம், வாசலில் புதைத்த செய்வினை. மந்திரம் நல்ல சொல். நிறைமொழி மாந்தர் ஆணையில் பிறக்கும் மறைமொழி என்கிறது தொல்காப்பியம். ஆனால் அது சொல்லப்படும் மொழியைக் குறிக்கிறதே தவிர, ஓர் இனத்தின் கலை முழுவதையும் அல்ல. அதிலிருந்து வந்த மாந்திரீகமோ வழக்கில் அழுக்கேறிப் போயிற்று. ஒரே கடவுளைத் தொழும் இரண்டு கூட்டத்தில் ஒன்றன் கையில் அதைக் கொடுத்துவிட்டால், அந்தக் கடைசிக் காட்சியே பொருளற்றுப் போகிறது.

சரி, மாயம் என்று போடலாமே என்பார்கள். மாயம் என்றால் பொய்த்தோற்றம், வஞ்சனை. 'பணம் மாயம்' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மாயத்தால் ஆறிய காயம் ஆறாத காயம்தான். மாயாஜாலம் மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுப்பவருக்கே பொருந்தும். சித்து என்பது தனியொருவர் தவத்தால் அடைவது. ஓர் இனமே தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

மயங்கிக் கிடப்பவரை வர்ம ஆசான் இளக்குமுறை (வர்ம அடிபட்டவரைத் தெளியவைக்கும் சிகிச்சை) செய்து எழுப்புவதைப் பார்க்கும் வெளியூர்க்காரருக்கு அது மந்திரம். ஆசானிடம் படிப்பவனுக்கு அது வித்தை, பாடுபட்டுக் கற்றது. தொழில்நுட்பத்தின் பக்கத்தில் வைக்க நமக்கு வேண்டியது இந்தப் பொருள் உள்ள சொல்.

அது நம்மிடம் பழையதாகவே இருக்கிறது: விஞ்சை. வித்யா என்ற வடசொல் பிராகிருதத்தில் விஜ்ஜா ஆகி, தமிழில் விஞ்சை ஆயிற்று. கல்வி, மந்திர ஆற்றல் இரண்டும் அதற்குப் பொருள். அதை உடைய இனத்தார் விஞ்சையர், வானில் செல்ல வல்லவர்கள். அவர்கள் ஊர் வடக்கே வெள்ளிமலை (நம் மணவாளக்குறிச்சிப் பக்கத்து வெள்ளிமலை அல்ல). சிலப்பதிகாரத்தில் ஒரு விஞ்சையன் தன் காதலியோடு புகார் நகருக்கு வருகிறான். எதற்கு? மனிதர்கள் எடுக்கும் இந்திர விழாவைப் பார்க்க! மணிமேகலையில் காயசண்டிகை என்ற விஞ்சைப் பெண் முனிவரின் சாபத்தால் பறக்கும் மந்திரத்தை இழந்து, தீராப் பசியோடு மனிதர் நடுவே திரிகிறாள். வேறு இனம், வேறு ஆற்றல், ஆனால் விழாவும் பசியும் பொது. இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எங்கே கிடைக்கும்?

தனித்தமிழ் அன்பர்கள் வேர் வடக்கே இருக்கிறது என்பார்கள். மாந்திரீகத்தின் வேரும் மாயாஜாலத்தின் வேரும் எங்கே இருக்கின்றனவாம்? விஞ்சையையாவது நம் காப்பியப் புலவர்கள் தமிழ் ஓசைக்கு இழைத்துத் தந்திருக்கிறார்கள்.

மருமகனிடம் அந்த வசனத்தை மாற்றிச் சொன்னேன்: "உங்கள் தொழில்நுட்பம் எங்கள் விஞ்சையைப் போலத்தான்." அப்புறம் அவன் கேட்டது, காயசண்டிகைக்குக் கடைசியில் பசி தீர்ந்ததா என்று.