சிறுபாலம், குளம், வகுப்பறை: எந்த நிதியில் கேட்பது, எப்போது கேட்பது

கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பிய மனு திரும்பி வந்தால், அதில் 'தேவையில்லை' என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இடம் வேறு துறைக்குச் சொந்தம், இந்தத் தலைப்பில் செலவிட முடியாது, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று மூன்றில் ஒரு காரணம்தான் பெரும்பாலும் இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஊர்களுக்கு இந்த மூன்றுமே மற்ற மாவட்டங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும்.

முதலில் இடம். மனு எழுதும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டுப் பிரதியும் புலப்பட நகலும் வாங்கிவிட வேண்டும். குளம் ஊராட்சியுடையதா, கோயிலுடையதா, நீர்வளத் துறையுடையதா என்பது அதில்தான் தெரியும். ஊரே 'நம்ம குளம்' என்று சொல்லும். பதிவேட்டில் தேவஸ்தானம் பெயர் இருக்கும். டெல்டாவில் கோயில், ஆதீன நிலங்கள் ஏராளம். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் வழிபாட்டு இடத்துக்குள்ளும், மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்திலும் வேலை செய்ய அனுமதி கிடையாது. சமுதாயக்கூடத்துக்கு இடம் கோயில் மனையாக இருந்தால் பரிந்துரைக் கடிதம் வாங்கியும் பலனில்லை. தனியார் இடத்தை விலைக்கு வாங்கவும் அந்த நிதி உதவாது. ஊரில் யாராவது இடம் தருவதாகச் சொன்னால், முதலில் அதை அரசின் பெயருக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதக் கடிதத்தை நம்பி மதிப்பீடு போட்டால் பாதியில் நிற்கும்.

வாய்க்காலுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. ஆற்றிலிருந்து பிரிவது ஏ, அதிலிருந்து பிரிவது பி, அதன் கிளைகள் சி, டி என்று வகை. தூர்வாரும் வேலையில் ஏ, பி வாய்க்கால்களை நீர்வளத் துறையும், சி, டி வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறையும் பார்க்கின்றன. வயல் மட்டத்தில் ஓடும் டி வாய்க்காலுக்காக நீர்வளத் துறைக்கு மனு போட்டால் மாதக்கணக்கில் கோப்புதான் நகரும். வாய்க்கால் மேல் சிறுபாலம் கட்டவும், கரை மேல் சாலை போடவும் பணம் எந்த நிதியிலிருந்து வந்தாலும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். பாலத்தின் கண் (அடியில் தண்ணீர் போகும் திறப்பு) அகலமும் தரைமட்டமும் அவர்கள் சொல்வதுதான். கண்ணைக் குறுக்கிக் கட்டினால் மேல்மடையில் நீர் தேங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் நடவு மூழ்கும்.

இனி நிதிகள்.

ஊராட்சியின் கைக்கு நேரே வருவது மத்திய நிதிக்குழு மானியம். 2021-22 முதல் 2025-26 வரைக்கான 15-வது நிதிக்குழுவின் விதிப்படி 40 சதவீதத்தை ஊராட்சி தன் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்று இருந்தது. ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. மீதி 60 சதவீதத்தில், மொத்தத் தொகையின் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கும், இன்னொரு 30 சதவீதம் துப்புரவுக்கும் கட்டுண்ட தொகை, அதாவது வேறெதற்கும் எடுக்க முடியாதது. அந்தக் கணக்கில் 10 லட்சம் வந்தால் சாலைக்கோ சிறுபாலத்துக்கோ கை வைக்கக்கூடியது 4 லட்சம்தான். 'பணம் கிடக்கிறதே, ஏன் ரோடு போடவில்லை' என்று கிராம சபையில் எழும் சண்டையில் பாதிக்குப் பதில் இங்கே இருக்கிறது. வேலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்று இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத வேலைக்குப் பணம் கேட்டுப் பில் போட முடியாது.

இந்த மானியத்துக்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியம்: கணக்கு இணையத்தில் ஏறியிருக்க வேண்டும், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருக்க வேண்டும். 2016-க்குப் பின் தேர்தல் தள்ளிப்போனபோது தமிழகத்துக்கான மானியம் தடைபட்டது இதனால்தான். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் டெல்டாவும் அடக்கம்; அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள்.

ஊராரும் பணம் போட்டு அரசையும் போட வைப்பது நமக்கு நாமே திட்டம். 1997-ல் தொடங்கியது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021-22-ல் பழைய பெயரிலேயே திரும்ப வந்தது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் அதிகம் வாழும் பகுதியாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போதும். 9 லட்ச ரூபாய் வேலைக்கு முதல் வகையில் 3 லட்சம், இரண்டாம் வகையில் 1.80 லட்சம். பங்குத்தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பாதியோ அதற்கு மேலோ கட்டுகிறவர் வேலையைத் தானே செய்யலாம், அல்லது தான் சொல்லும் நிறுவனத்தைக் கொண்டு செய்யலாம். தனிநபர், சங்கம், கம்பெனி என யாரும் பணம் போடலாம். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் உள்ள ஊர்கள் இதை நன்றாகப் பயன்படுத்த முடியும். அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர்.

ஒரு எச்சரிக்கை. 'பங்குத்தொகையை நானே கட்டிக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று ஒப்பந்தக்காரர் வந்தால் சம்மதிக்காதீர்கள். அவர் கட்டும் மூன்றில் ஒரு பங்கைக் கம்பியிலும் சிமென்டிலும்தான் திரும்ப எடுப்பார்.

நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 சதவீதம், அதாவது 75 லட்சம் ஆதிதிராவிடர் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். உறுப்பினர் பரிந்துரைப்பார், அவ்வளவே. தகுதி பார்த்து அனுமதிப்பது மாவட்ட நிர்வாகம். நிலைத்து நிற்கும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். வகுப்பறை, நூலகம், குடிநீர்த் தொட்டி ஆகும், தனிநபருக்குப் பயன்படுவதும் தொடர்செலவும் ஆகாது. சட்டமன்ற உறுப்பினர் நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி. நடைமுறை ஏறக்குறைய இதேதான்.

டெல்டாவில் ஆளைக் கவிழ்ப்பது நாட்காட்டி. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடும். வாய்க்காலுக்குள் அடித்தளம் தோண்ட, அணை மூடியதிலிருந்து மறுபடி திறக்கும் வரையுள்ள மாதங்கள்தான் உண்டு. அதிலும் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகாமல் ஜல்லி லாரி உள்ளே வர முடியாது. உருப்படியாகக் கிடைப்பது பிப்ரவரி நடுவிலிருந்து மே முடிய மூன்றரை மாதம். நிதியாண்டோ ஏப்ரலில் பிறக்கிறது. அதன் பிறகு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று போனால் வேலை உத்தரவு வரும்போது கடைமடைக்கும் தண்ணீர் வந்திருக்கும். ஜனவரி 26 கிராம சபையில் போட்ட சிறுபாலத் தீர்மானம் அந்தக் கோடைக்கு உதவாது. ஆகஸ்ட் 15-க்கே போட்டுவிட வேண்டும், தவறினால் அக்டோபர் 2. கோரம், அதாவது கூட்டத்துக்கு வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, குறைந்தால் தீர்மானம் செல்லாது: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வகுப்பறைக்கும் நூலகத்துக்கும் இந்த அவசரம் இல்லை.

மதிப்பீடு போட ஒன்றியப் பொறியாளர் வரும்போது ஊரார் ஒருவர் கூட இருப்பது நல்லது. இங்கே களிமண், வெயிலில் வெடிக்கும், ஈரத்தில் உப்பும். மேட்டுநிலத்துக்குப் போடும் அடித்தள ஆழத்தை அப்படியே எழுதினால் இரண்டாவது மழைக்குள் தூண் சாயும். மணல் நிரப்பும் கனமும், நீர் இறைக்கும் செலவும் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். செம்மண் கிராவல் வல்லம் பக்கமிருந்தோ புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ வர வேண்டியிருக்கும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ஊர்களுக்கு லாரியில் ஏற்றிவரும் அந்தத் தூரத்தை மதிப்பீட்டில் குறைத்துப் போட்டால் ஒப்பந்தப்புள்ளி எடுக்க ஆள் வராது. அடித்தளக் கான்கிரீட் போட்டதும் மண் மூடும் முன் அளந்து, அளவுப் புத்தகத்தில் பதியச் சொல்லி, அளவுநாடா தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் வாய்க்கால் நிரம்பிவிட்டால் கீழே எத்தனை அடி இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க அடுத்த பிப்ரவரி வரை வழியில்லை.