எடையில்லாத பூச்சியை ஆற்றில் எறிவது எப்படி?

சாதாரணத் தூண்டிலை வீசுவதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. நுனியில் ஈயக்குண்டு இருக்கும். அதைச் சுழற்றி விட்டால், மெல்லிய நைலான் நரம்பைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு பறந்துபோய் விழும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மேடிசன் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று ட்ரவுட் மீன் பிடிப்பவரின் நுனியில் அப்படி எதுவும் இல்லை. சின்னஞ்சிறு முள்ளில் இறகையும் மான்மயிரையும் நூலால் சுற்றிக் கட்டிய ஒரு போலிப் பூச்சி மட்டும்தான். கையால் எறிந்தால் காலடியிலேயே விழும். அதை 15 மீட்டர் தள்ளி, ஒரு குறிப்பிட்ட பாறையின் பக்கத்தில், சத்தமில்லாமல் இறக்க வேண்டும்.

அதனால் ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் இந்த முறையில் எறிவது பூச்சியை அல்ல, கயிற்றை. பிளாஸ்டிக் பூச்சு போட்ட தடித்த கயிறு அது. எடை அதில்தான் இருக்கிறது. ட்ரவுட்டுக்குப் பலரும் வைத்திருக்கும் 5-ஆம் எண் கயிற்றில் முதல் 30 அடி சுமார் 9 கிராம். கோலைப் பின்னால் வீசினால் கயிறு முதுகுக்குப் பின்னே காற்றில் நீள்கிறது. முழுதாக நீண்டதும் கோலை வேகம் கூட்டி முன்னால் கொண்டுவந்து, சட்டென்று நிறுத்த வேண்டும். கயிற்றின் எடையால் வில்லாக வளைந்திருந்த கோல் நிமிர்கிறது. கயிறு பக்கவாட்டில் படுத்த ‘U’ போன்ற ஒரு வளையமாக மடிந்து முன்னோக்கி உருளத் தொடங்குகிறது.

வளையத்தின் கீழ்ப்பக்கம் கோலின் நுனியோடு நின்றுவிட்டது. மேல்பக்கம் மட்டுமே பறக்கிறது. வளையம் முன்னேற முன்னேற, பறக்கும் நீளம் குறைந்துகொண்டே வருகிறது. அதாவது, இருக்கும் ஆற்றலைக் குறைந்துகொண்டே போகும் நிறை சுமக்கிறது. காற்றின் தடை ஒருபக்கம் வேகத்தைத் தின்றாலும், இந்தக் கணக்கு அதை ஓரளவு ஈடுகட்டுகிறது. சாட்டையின் நுனி சொடுக்குவதும் இதே கணக்கில்தான். ஆனால் இங்கே சொடுக்கு விழுந்தால் பூச்சி தெறித்துப்போகும். அதற்காகவே கயிற்றின் முனையில் சுமார் 9 அடி நரம்பு கட்டுகிறார்கள். தடிப்பாகத் தொடங்கி மயிரிழையாக முடியும் நரம்பு. மிச்சமிருக்கும் ஆற்றல் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பூச்சி தானாக வந்து அமர்ந்ததுபோல் இறங்குகிறது.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பின்வீச்சில்தான். கயிறு பின்னால் நீளுமுன்பே அவசரப்பட்டு முன்னால் இழுத்துவிடுவார்கள். கோல் வளையாது, வளையமும் உருவாகாது. எவ்வளவு கைவலு இருந்தாலும் அப்போது பயன் இல்லை.

சரி, எங்கே போடுவது? மேடிசன், யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடிப் பிறக்கிறது. 1959 ஆகஸ்ட் 17 இரவு வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து விழுந்து இதை மறித்தது; அங்கே தேங்கிய தண்ணீருக்கு இன்றும் குவேக் (நிலநடுக்க) ஏரி என்றே பெயர். அதற்குக் கீழே ஆறு உருண்டைப் பாறைகளின் மேல் சலசலத்துக்கொண்டே வெகுதூரம் ஓடுகிறது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே வேகம்போல் தோன்றும், உண்மையில் அப்படி இல்லை. அடித்தரையின் உராய்வால் அடிநீர் மெதுவாக நகரும். ஒவ்வொரு பாறைக்கும் முன்னும் பின்னும் ஒரு மந்தமான பகுதி இருக்கும். ட்ரவுட் மந்தநீரில் நின்றுகொண்டு, பக்கத்து விரைநீர் சுமந்துவரும் பூச்சிகளை எட்டிப் பிடிக்கும். ஓடி ஓடித் தின்றால் வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். எனவே விரைநீரும் மந்தநீரும் உரசும் விளிம்புதான் இலக்கு.

அந்த மீனின் கண்ணுக்கு மேலே என்ன தெரிகிறது என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. ஒளிவிலகலால், வெளியுலகம் முழுவதும் அதற்கு 97 பாகை அகலமுள்ள ஒரு கூம்புக்குள் சுருங்கித் தெரிகிறது. நீர்ப்பரப்பில் அது ஒரு வட்ட ஜன்னல். மீன் 60 செ.மீ. ஆழத்தில் இருந்தால் ஜன்னலின் விட்டம் சுமார் 1.35 மீட்டர், 15 செ.மீ. ஆழத்துக்கு வந்துவிட்டால் வெறும் 34 செ.மீ. ஜன்னலுக்கு வெளியே நீர்ப்பரப்பு முழுவதும் கண்ணாடி: முழு அக எதிரொளிப்பு ஆற்றின் அடித்தரையையே திருப்பிக் காட்டும். மிதந்துவரும் பூச்சியின் உடல் முதலில் தெரியாது. கால்கள் நீர்ப்படலத்தை அழுத்தும் இடங்கள் மட்டும் கண்ணாடியில் ஒளிப்புள்ளிகளாக மின்னும். நெருங்கியதும் ஜன்னல் விளிம்பில் இறக்கையின் நுனி தலைகாட்டும். அப்புறம்தான் முழுப் பூச்சி. கரையோரமாகத் தாழ்வாக இருப்பதெல்லாம் அந்த விளிம்பில் நசுங்கிக் கிடக்கும். தூண்டில்காரர்கள் குனிந்து நடப்பது அதனால்தான்.

மேடிசனில் ஜூன் கடைசியில் சால்மன்ஃப்ளை என்ற பெரிய பூச்சி வெளிவரும். மூன்று நான்கு ஆண்டுகள் பாறைக்கடியில் இளம்பருவத்தில் கிடந்துவிட்டு, கரைக்கு ஊர்ந்து வந்து தோலுரித்து இறக்கை பெறும். முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்பும்போது ட்ரவுட்டுகளுக்குக் கொண்டாட்டம்.

இத்தனைக்கும் மேல் ஒரு சிக்கல் உண்டு. நிஜப் பூச்சி, தன்னைத் தாங்கும் நீர் போகும் வேகத்திலேயே போகும். போலிப் பூச்சியோ கயிற்றில் கட்டுண்டது. உங்களுக்கும் மீனுக்கும் நடுவே வெவ்வேறு வேகத்தில் நாலைந்து நீரோட்டங்கள் இருக்கலாம். நடுவில் ஓடும் விரைநீர் கயிற்றைத் தொந்தியாக வளைத்து இழுக்கும். சில நொடிகளில் பூச்சி நீரைக் கிழித்துக்கொண்டு குறுக்கே ஓட, அதன் பின்னால் மெல்லிய கோடு விழும். எந்தச் செத்த பூச்சியும் அப்படி ஓடாது. மீன் எழுந்து, அருகில் வந்து, திரும்பிவிடும். இதற்கு மருந்து, கோல்நுனியைச் சுழற்றி கயிற்றின் வளைவை நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கிப் போடுவது. நீர் அந்த வளைவை நேராக்கி முடிக்கும்வரை பூச்சிக்கு விடுதலை. என்னைக் கேட்டால், பெட்டி நிறைய விதவிதமான பூச்சி வாங்கும் காசு பெரும்பாலும் வீண். சுமாரான பூச்சி சரியாக மிதந்தாலே மீன் கடிக்கும்.

இன்று மேடிசனில் அதிகம் சிக்கும் பிரவுன், ரெயின்போ ட்ரவுட் இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. நீலகிரி அவலாஞ்சிக்கு ஆங்கிலேயர் காலத்தில் ட்ரவுட் வந்ததுபோலத்தான். அந்த ஆற்றுக்குச் சொந்தமானது கட்த்ரோட் ட்ரவுட். பண்ணையில் வளர்த்த ட்ரவுட்டுகளை விடுவதால் ஏற்கெனவே ஆற்றில் பெருகிய மீன்கள் குறைகின்றன என்று மேடிசனில் நடந்த ஆய்வு காட்டியது. அதைத் தொடர்ந்து 1974-இல் மொன்டானா, ட்ரவுட் தானாகவே பெருகும் ஆறுகளில் பண்ணை மீன்களை விடுவதை நிறுத்தியது.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது அங்கே வழக்கம். ஆனால் விட்ட மீன் பிழைப்பது தண்ணீரின் குளிர்ச்சியைப் பொறுத்தது. கடல்மட்டத்தில், 10 டிகிரி செல்சியஸ் நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். உயரமான மலையில் இன்னும் குறைவு. சூடேறினால் மீனின் தேவையோ கூடும். தூண்டிலோடு மல்லாடிக் களைத்த மீனுக்கு அந்த நேரத்தில் மூச்சு திரும்பாது. அதனால் நீர் மூன்று நாள் தொடர்ந்து 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்க மொன்டானாவில் தடை வரலாம். அந்த நாட்களில் ட்ரவுட் வேண்டுமென்றால் விடியற்காலையில், இரவெல்லாம் ஆறிய தண்ணீரில்தான் இறங்க வேண்டும்.