மௌஷி பாடம் எடுக்கலாமா?

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு சிறுமி, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "டீச்சர் நின்னுட்டாங்க, ரெண்டு மாசமா மௌஷிதான் கணக்கு சொல்லித்தர்றாங்க" என்றாள். மௌஷி என்றால் மும்பையில் பள்ளி ஆயா. பிள்ளைகளுக்குப் பிடித்த மனுஷிதான். ஆனால் சட்டப்படி அவர் ஆசிரியர் ஆக முடியாது.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராக நியமிக்கப்படுபவருக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதம் இல்லை. தகுதி இல்லாமல் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் படித்து முடிக்கக் கொடுத்த அவகாசமும் 2019 மார்ச் 31-உடன் போய்விட்டது.

தகுதி என்றால் என்ன? இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். "எம்.எஸ்சி., பி.எட். படிச்சவங்க" என்று பள்ளியில் சொன்னால் நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பு வரை எடுக்க பி.எட். போதாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-இல் சொல்லிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்போடு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கென்றே உள்ள 2 ஆண்டு ஆசிரியர் பட்டயம் வேண்டும்; நம் ஆட்கள் டி.எட். என்பது அதைத்தான். தீர்ப்புக்கு முன்பே முறைப்படி சேர்ந்த பி.எட். ஆசிரியர்களுக்கு மட்டும் 6 மாத இணைப்புப் படிப்பு என்று ஒரு வழி இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வரை பட்டப்படிப்பும் பி.எட்.டும் செல்லும்.

அப்புறம் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 மதிப்பெண்ணுக்கு 60 சதவீதம் எடுக்க வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. பழைய ஆசிரியர்களும், ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருந்தால், 2 ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பள்ளிகளின் விஷயம் மட்டும் பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

டீச்சர் விடுப்பில் போன ஒருநாள் மௌஷி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அதற்குப் புகார் வேண்டாம், பாவம். அதே ஆள் மாதக்கணக்கில் பாடம் எடுத்தால், முதலில் தலைமையாசிரியரிடம் வகுப்பாசிரியரின் தகுதியை எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையா? அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி மாநகராட்சிக் கல்வித் துறையில் எழுத்துப் புகார் கொடுக்கலாம். 3 மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். புகாரின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். 3 மாதக் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.