மியூசியம்: அருங்காட்சியகமா, நூதனசாலையா?

மியூசியம் என்பதன் வேர் 'மௌசெயான்' என்ற கிரேக்கச் சொல். கலைக்கும் அறிவுக்கும் உரிய மியூசுகள் என்னும் ஒன்பது தேவியரின் இருப்பிடம் என்று பொருள். அவர்களைப் பெற்றவள் நெமோசினி. அந்தப் பெயருக்கு நினைவு என்பதே பொருள். பொ.ஆ.மு. (கி.மு.) 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இப்பெயரோடு இருந்தது, அறிஞர்கள் தங்கி ஆய்வு செய்த இடம். திரட்டிய பொருள்களைப் பொதுமக்களுக்குக் காட்டும் இடம் என்ற இன்றைய பொருள் ஐரோப்பாவில் பின்னால் வந்தது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் திறந்தது 1683இல்.

சென்னையில் மியூசியம் 1851இல் தொடங்கியது. ஊர்மக்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்றார்கள். உயிருள்ள விலங்குகளைக் காட்டிய இடம் 'உயிர் காலேஜ்'. இவ்வளவு பொருத்தமான பெயர்களை எந்தக் கலைச்சொல் குழுவாலும் தந்திருக்க முடியாது. இலங்கைத் தமிழில் வழங்குவது நூதனசாலை. நூதனம் வடசொல், புதுமை, வியப்பு என்று பொருள். பழம்பொருள் வைக்கும் வீட்டுக்குப் புதுமையின் பெயரா என்று கேட்கத் தோன்றும். பார்ப்பவரின் வியப்பை வைத்து அமைந்த பெயர் அது. கொல்கத்தா மியூசியத்தை வங்காளிகள் 'ஜாதுகர்', மாயவீடு, என்பதும் அப்படித்தான்.

தமிழகத்தில் நிலைத்த சொல் அருங்காட்சியகம். அருமை + காட்சி + அகம். 'மை' கெட்டு, ககரத்துக்கு இனமான ஙகரம் மிக்கு 'அருங்காட்சி' ஆகிறது. அகத்தோடு சேரும்போது யகர உடம்படுமெய் வருகிறது. 'அருங்காட்சியம்' என்று எழுதுவது பிழை. அகம் போனால் இடம் என்ற பொருளும் போய்விடும்.

சொல் அழகானது, ஆனால் ஒரு குறை உண்டு. கிரேக்க வேரில் இருந்த நினைவு இதில் இல்லை. அருமையும் காட்சியும்தான் உள்ளன. அரியதை மட்டும் தேடினால் செப்புத் திருமேனிக்கு இடம் கிடைக்கும், உடைந்த பானைக்குக் கிடைக்காது. கீழடியில் அந்தப் பானை ஓடுகள்தாம் 'ஆதன்' என்ற பெயரைத் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் நம்மிடம் சேர்த்தன. அவற்றுக்கான அருங்காட்சியகம் 2023இல் திறந்தது. ஓட்டின் பக்கத்தில் 'பழங்காலப் பானை' என்று மட்டும் அட்டை வைத்தால் போதாது. எந்தக் குழி, எந்த ஆழம், எந்த மண்ணடுக்கு என்பவை பதிவில் இல்லையென்றால் காலம் சொல்லவும் வழியில்லை.

நினைவகம், நினைவிடம், மணிமண்டபம் ஆகியவற்றை இதோடு குழப்பக் கூடாது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு நினைவு இல்லம். அதே ஊரில் அவருக்காக 1947இல் திறந்தது மணிமண்டபம். அடக்கம் செய்த இடமே நினைவிடம், மெரினாவில் அண்ணாவுக்கு உள்ளது போல. நினைவகம் இப்போது கணினிக்கும் போய்விட்டதால் இடத்தைக் குறிக்கும்போது யாருடைய நினைவகம் என்று சேர்த்து எழுதுவது நல்லது.

ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைக் கிடந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி பரப்பியிருக்கிறார்கள். அதற்குக் கள அருங்காட்சியகம் என்றே எழுதலாம்.