ஒத்தைக் கொக்குக்கா இம்புட்டு நேரம்?

மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் கரையேற்றி நிறுத்திய படகுக்குச் சித்தப்பா பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு ராத்திரி சோத்துல கை வச்சவன் எந்திரிச்சு ஓடுனியே, அப்படி என்னப்பா வேலை?”

அவரும் அம்மாவும் மதுரையில் என் வீட்டுக்கு வந்திருந்த இரவு அது. தரையிறங்கிய விமானத்தின் எஞ்சினில் கொக்கு அடித்திருந்தது. இப்படிப் பறக்க முடியாமல் நின்றுபோனதை, விமானம் பழுதுபார்க்கும் நாங்கள் ‘ஏஓஜி’ (ஏர்கிராஃப்ட் ஆன் கிரவுண்ட்) என்போம். படகுக்கு இந்த 61 நாள் மாதிரி, விமானத்துக்கும் ஹேங்கரில் நிறுத்திப் பிரித்துப் பார்க்கும் காலம் உண்டு. அது நாள் குறித்துச் செய்வது. ஏஓஜி என்பது கடலுக்குப் போக டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றிய பிறகு எஞ்சின் மக்கர் செய்கிற கதை.

“எது கெட்டாலும் நிறுத்திருவீகளா?”

இல்லை. எது எது வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று விமானத்துக்கு விமானம் ஒரு பட்டியல் இருக்கிறது. பெயர் ‘மெல்’. ஒரே வேலைக்கு இரண்டு கருவி இருந்து ஒன்று கெட்டால், நிபந்தனையோடு கிளம்பலாம். வகையைப் பொறுத்து 3 நாள், 10 நாள், 120 நாள் என்று கெடு. எஞ்சினுக்குள் பறவை போனதற்கு அந்தச் சலுகை கிடையாது. பார்த்தே ஆக வேண்டும்.

அந்த எஞ்சின் சிஎஃப்எம்56. முன்விசிறியில் 36 டைட்டானியம் பிளேடுகள். முழுவேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று. டார்ச் அடித்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தோம். கருகிய இறகு வாடை வேறு. உள்ளேயும் ரத்தக்கறை தெரிந்ததால் போரஸ்கோப் எடுத்தோம். டாக்டர் வயிற்றுக்குள் விடும் குழாய் கேமராவின் தம்பி அது. ஒருவர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற, இன்னொருவர் திரையில் ஒவ்வொரு பிளேடாகப் பார்க்க வேண்டும். கண் எரியும். அவசரமெல்லாம் விமானத்தடிக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

உள்ளே பழுதில்லை. முன்விசிறியில் ஒரு பிளேடின் ஓரத்தில் மட்டும், நுனிப்பக்கம், அரிசி அளவு வெட்டு. அடிப்பக்கம் என்றால் கதையே வேறு. சுழலும்போது மொத்தப் பிளேடின் இழுப்பையும் தாங்குவது அடிப்பகுதிதான். கையேட்டில் நுனிக்குச் சொன்ன எல்லைக்குள் இருந்ததால் அரத்தால் தேய்த்து, கூரான வெட்டை வழவழப்பான வளைவாக்கினோம். கூர்முனையில் இழுவிசை குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். வளைவில் அது பரவிவிடும்.

பிளேடையே மாற்ற வேண்டியிருந்தால் எடை பார்த்துத்தான் மாட்ட வேண்டும், பல சமயம் எதிர்ப்பக்கத்து பிளேடையும் சேர்த்து. “ஆமா, ஒரு பக்கம் கனத்தா ஷாஃப்ட் உதறும்ல,” என்றார் சித்தப்பா. இதை விளக்க எனக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள்.

கடைசியில் ஸ்பேனர்களை எண்ணினோம். பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவில் பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் விமானம் நகராது. அப்புறம் என் கையெழுத்து. அந்த விமான வகைக்கு லைசென்ஸ் உள்ளவர்தான் போட முடியும். அதனால்தான் “வேற ஆளே இல்லையா?” என்ற அம்மாவின் கேள்விக்கு அன்றிரவு பதில், இல்லை.

சித்தப்பா பிரஷை வைத்துவிட்டுப் படகின் பின்பக்கம் போனார். புரொப்பெல்லர் இலையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

“அந்த அரத்த எடு.”