மேட்டு ஊரில் பேட்டரியை நிறைக்காதீர்கள்

ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு மின்சாரம் அறிமுகமானது சைக்கிள் டைனமோ வழியாகத்தான். விடிவதற்கு முன் பால் வெட்டக் கிளம்பும் அப்பா, சக்கரத்தை ஒட்டியிருக்கும் அந்தச் சின்னக் குப்பியைத் தட்டிவிடுவார். அதன் தலை டயரில் உரசிச் சுழலும், விளக்கு எரியும். அதே நொடியில் மிதி கனத்துப்போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கே வேகம் குறைவது தெரியும். "வெளிச்சம் சும்மா வருமா? என் காலிலிருந்துதான் போகிறது" என்பார்.

சென்ற பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கேமரன்மலைக்குப் போயிருந்தோம். தானா ராத்தாவில் நாங்கள் தங்கிய ஹோட்டல், விருந்தினர்களை ஏற்றி இறக்க மின்சார வேன் ஒன்றை வைத்திருந்தது. பிரிஞ்சாங் மலைப் பக்கமிருந்து தேயிலைச் சரிவுகளின் ஓரமாக அது இறங்கி வந்தபோது ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. வளைவு வரும்போது மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தார். அவ்வளவுதான், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி நிதானப்பட்டது. மேலே 58 விழுக்காடு காட்டிய பேட்டரி, ஊருக்குள் வரும்போது 62 காட்டியது. எனக்கு அப்பாவின் மிதி கனத்தது நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே விஷயம்தான்.

காந்தம் ஒன்று செப்புக் கம்பிச் சுருளுக்கு அருகே அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அப்படிப் பிறந்த மின்சாரம் தானும் ஒரு காந்தமாக மாறி, தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும். டைனமோவில் மிதி கனத்தது அந்த எதிர்ப்பால்தான். மின்வேனின் மோட்டாருக்குள்ளும் இருப்பவை காந்தமும் செப்புச் சுருளுமே. பேட்டரி மின்சாரம் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் அதைச் சுழற்றினால் அது மின்சாரம் கொடுக்கும். எந்தத் திசையில் எவ்வளவு பாய வேண்டும் என்பதை இடையில் இருக்கும் மின்னணுப் பெட்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடித் தீர்மானிக்கிறது.

டீசல் வேன் இறங்கும்போது என்ன நடக்கிறது? 'குனா கியர் ரெண்டா', அதாவது சின்ன கியரைப் பயன்படுத்து என்ற மஞ்சள் பலகைகள் மலைச்சாலையில் ஏன் நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். சின்ன கியரில் இறங்கினால் இன்ஜின் வண்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதை மறந்து பிரேக்கையே அமுக்கிக்கொண்டு வந்தால், ஏறும்போது சேர்த்த ஆற்றல் பிரேக் கட்டைகளில் சூடாக மாறும். அந்தக் கருகல் வாடை மலைவாசிகளுக்குத் தெரியும். சூடு எல்லை மீறினால் பிரேக் பிடிப்பு தளர்ந்துவிடும்.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்குச் சற்று மேல். இடைவெளியைச் சுமார் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு 3 டன் எடையுள்ள வேன் அந்த உயரத்துக்கு ஏறினால், அது சேர்த்து வைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 5 யூனிட். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை ஐந்து மணி நேரம் போட்டு வைப்பதற்குச் சமம். இறங்கும்போது டயரின் உருளலும் காற்றின் தடையும் மோட்டாரின் இழப்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பேட்டரிக்குத் திரும்பும். 50 யூனிட் பேட்டரி என்றால் அது நான்கு விழுக்காடு, நான் கண்ணால் பார்த்த அதே நான்கு. ஏறிய செலவு முழுவதும் திரும்பிவிடும் என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள். ஆனால் சூடாகப் போய்த் தொலைந்திருக்க வேண்டியதில் இவ்வளவு திரும்புவதே எனக்குப் பெரிய விஷயம்.

மறுநாள் காலை புறப்படும் வேளையில்தான் நான் எதிர்பார்க்காத பாடம் கிடைத்தது. மலைக்குக் கீழே இருக்கும் தாப்பா ரோட் ரயில் நிலையத்தில் எங்களை விட்டுவிட்டு, புது விருந்தினர்களை ஏற்றி வர வேன் தயாராக நின்றது. திரையில் 89 என்று இருந்தபோதே ஓட்டுநர் சார்ஜ் கம்பியைக் கழற்றிவிட்டார்.

"ஏன் தம்பி, இன்னும் நிறையவில்லையே?" என்றேன்.

"நிறைத்துக்கொண்டு இறங்கினால் வண்டி பிடிக்காமல் ஓடும் ஐயா. தாப்பா வரைக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லித்தியம் பேட்டரியின் ஒரு முனையில் கிராஃபைட் இருக்கிறது. பென்சில் கரியைப் போல அடுக்கடுக்கான கார்பன். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அந்த அடுக்குகளுக்கு இடையே குடிபுகும். எங்கள் லயத்தைப் போல வரிசையாக வீடுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் ஆள் வந்துவிட்ட பிறகும் லோரியில் கூட்டம் வந்து இறங்கினால், வந்தவர்கள் வாசலில்தான் படுக்க வேண்டும். பேட்டரியிலும் அப்படித்தான். உள்ளே இடமில்லாத லித்தியம், கிராஃபைட்டின் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தப் படிவு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், ஊசிபோல் வளர்ந்தால் உள்ளேயே மின்கசிவை உண்டாக்கும். அதனால் பேட்டரியைக் காவல் காக்கும் கணினி, நிறையும் தறுவாயில் கதவைச் சாத்திவிடுகிறது. மோட்டார் மின்சாரம் கொடுக்கத் தயார், வாங்கத்தான் ஆளில்லை. மின்சாரம் பாயாத சுருளில் எதிர்ப்பும் இல்லை, வண்டியைப் பிடித்து நிறுத்தவும் எதுவும் இல்லை. விளக்கைக் கழற்றிவிட்ட டைனமோ லேசாகச் சுழல்வது போலத்தான்.

ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1960களில் கட்டிய அந்த அணையின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழே விழுந்து மின்சாரம் தருகிறது. அணை தளும்ப நிற்கும்போது மழை வந்தால், அந்த மழையைச் சேமிக்க வழியில்லை, மதகைத்தான் திறக்க வேண்டும். மழைக்கு முன்பே கொஞ்சம் இடம் விட்டு வைப்பதுதான் சாமர்த்தியம்.

சமவெளியில் இருக்கும் ஹோட்டலுக்கு இந்தக் கவலை கிடையாது. மலாயில் 'தானா ராத்தா' என்றால் சமதளம் என்று பொருள், ஆனால் ஊரை விட்டு வெளியேறும் சாலை கிட்டத்தட்ட 60 கிலோமீட்டருக்கு இறக்கம். 1,400 மீட்டர் இறங்கினால் சுமார் 11 யூனிட் கைக்கு வரும் என்றாலும், சாய்வு மென்மையாகவும் பாதை நீளமாகவும் இருப்பதால் பெரும்பகுதியை டயரும் காற்றுமே தின்றுவிடும். பேட்டரிக்குள் வருவது மூன்று யூனிட் அளவுதான். அதற்குப் பத்து விழுக்காடு இடம் தாராளம். திரும்பி ஏற 20 யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும், அதுவும் போதுமான அளவு கையில் இருக்கும். ஓட்டுநர் எந்தக் கணக்கும் போடாமல் 89இல் நிறுத்தியது எனக்கு வியப்பாக இருந்தது.

மலையின் குளிரும் இங்கே ஒரு வரம். இரவில் 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் காற்றில் பேட்டரி மெதுவாகத்தான் மூப்படையும். சுவிட்சர்லாந்தின் செர்மாட் மலையூரில் பெட்ரோல் கார்களுக்கு இடமில்லை, ரயிலில் வரும் விருந்தினர்களை ஹோட்டல்களின் சின்ன மின்வண்டிகளே அழைத்துப்போகின்றன. அங்கே உறைபனி. உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினாலும் லித்தியம் வாசலில் படுத்துவிடும். நம் மலைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதே சுவிட்சர்லாந்தில் ஒரு கல்குவாரியில் 45 டன் எடையுள்ள மின்லோரி காலியாக ஏறி, 65 டன் கல்லோடு இறங்குகிறது. இறங்கும் எடை அதிகம் என்பதால் ஏறிய செலவை இறக்கமே ஈடுகட்டிவிடுகிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஹோட்டல் வேனைவிடக் கேமரன்மலைக் காய்கறி லோரிகள்மேல்தான் கண். முட்டைக்கோசும் தக்காளியும் நிறைந்து இறங்குகின்றன, பெரும்பாலும் காலியாக ஏறுகின்றன. எங்கள் சாலையின் சாய்வு குவாரியின் சாய்வு அளவுக்குச் செங்குத்தானது அல்ல, முழுச் செலவும் திரும்பாது. ஆனாலும் 5 டன் லோரி 5 டன் காய்கறியோடு இறங்கினால், ஏறும் செலவில் மூன்றில் ஒரு பங்கு திரும்பும் என்று என் கணக்கு காட்டுகிறது. அந்த லோரிகள் விடியலுக்கு முன்பே புறப்படுகின்றன. அப்பா டைனமோவைத் தட்டிவிட்ட அதே நேரம்.